பாரமோரின் ‘ரயட்!’ முதல் ஆல்பத்தைவிட இவ்வளவு சுத்தமாக ஒலிப்பது எதனால்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. முதலாவது: அமெரிக்க ராக் குழுவான பாரமோரின் முதல் ஆல்பமான ‘ஆல் வீ நோ இஸ் ஃபாலிங்’ (2005) கேட்டுவிட்டு உடனே இரண்டாவதான ‘ரயட்!’ (2007) போட்டால் வேறு குழு வாசிப்பதுபோல் இருக்கிறதே, ரேடியோவுக்காக இசை நிறுவனமும் தயாரிப்பாளரும் சேர்ந்து குழுவின் இயல்பை மழித்துவிட்டார்களா? இரண்டாவது, கடைசி வரியில் தயங்கிக் கேட்டது: நண்பர்களோடு நீங்கள் பதிவு செய்த ஐந்து பாடல்கள் அப்படி ஒலிக்கவில்லை, எந்த ப்ளக்-இன் (ஒலிப்பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணைக்கருவி) வாங்கினால் அந்தப் பளபளப்பு வரும்? எதுவும் வாங்க வேண்டாம். இந்த வகை ஆல்பத்தின் மெருகில் பெரும்பகுதி, பதிவானவற்றை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பாடலின் சுருதி, வேகம், வடிவம், ஒவ்வொரு டேக்கின் (ஒருமுறை வாசித்தோ பாடியோ எடுக்கும் பதிவின்) துல்லியம் என்ற நான்கில்தான் அது இருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலும் அதிலிருந்தே கிடைக்கும்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் வைத்துவிடுகிறேன். பாரமோர் டென்னஸி மாநிலத்தின் ஃப்ராங்க்ளினில் உருவான குழு. ‘ரயட்!’ 2007 ஜூன் 12 அன்று ஃப்யூல்ட் பை ராமன் நிறுவனம் வழியாக அமெரிக்காவில் வெளிவந்தது. 11 பாடல்கள், மொத்தம் 40 நிமிடத்துக்கும் குறைவு. தயாரிப்பாளர் டேவிட் பெண்டத், நியூ ஜெர்ஸியில் தன் ஹவுஸ் ஆஃப் லவுட் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்தவர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ப்ரேக்கிங் பெஞ்சமின், தி ரெட் ஜம்ப்சூட் அப்பாரட்டஸ் ஆகிய குழுக்களின் ஆல்பங்களைச் செய்திருந்தார். முதல் ஆல்பம் ஃப்ளோரிடாவில், ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களின் கையில் உருவானது. ‘ரயட்!’ வெளியானபோது பாடகி ஹெய்லி வில்லியம்ஸுக்கு வயது 18. டிரம்மர் ஸாக் ஃபாரோவுக்கு 17 நிறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

இதற்கு மேல் ஒரு எல்லை உண்டு. வெளிவந்த ஸ்டீரியோ பாடலைக் காதால் கேட்டு, இடமும் வலமும் கிட்டார் தனித்தனியாக வாசிக்கப்பட்டிருக்கிறது, கோரஸில் (திரும்பத் திரும்ப வரும் பல்லவிப் பகுதியில்) குரல் இரட்டிக்கப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் சொல்லிவிடலாம். கிட்டார் நான்கு அடுக்கா ஆறா, டிரம்ஸில் எந்த அடி நகர்த்தப்பட்டது என்பதெல்லாம் அந்தப் பதிவின் கோப்புகளைத் திறந்தால்தான் தெரியும். ஆகவே கீழே வரும் எண்கள் இந்த வகை இசையின் பொதுவான நடைமுறை. அந்தக் கூடத்தில் அன்று நடந்ததன் குறிப்பாக அவற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குழுவின் இயல்பு போய்விட்டதா என்பதற்கு வருகிறேன். பாப் மெட்டையும் வேகமான பங்க் ராக்கையும் கலக்கும் பாப்-பங்க் குழுக்களின் இரண்டாவது ஆல்பம் பளபளப்பாவது 2007-க்கு முன்பே வழக்கமாகிவிட்டது. ப்ளிங்க்-182-வின் 1999 ஆல்பத்தை ஜெர்ரி ஃபின் தயாரித்து டாம் லார்ட்-ஆல்ஜ் மிக்ஸ் செய்ததிலிருந்து, வேகமான பங்க் பாடலும் ரேடியோவில் பாப் பாடலின் பக்கத்தில் நிற்கும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் தெரிந்துவிட்டது. குட் ஷார்லட் தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு (2002) எரிக் வாலண்டைனிடம் போனார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஸ்டுடியோக் கலைஞர் ஜாஷ் ஃப்ரீஸ். மாண்ட்ரியாலின் சிம்பிள் ப்ளான் தங்கள் இரண்டாவதுக்கு (2004) மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பத்தைச் செய்த பாப் ராக்கிடம் போனார்கள். பாரமோரும் அதே பாதையில்தான் வந்தார்கள். ஆனால் ‘ரயட்!’டில் டிரம்ஸ் வாசிப்பது குழுவின் சொந்த டிரம்மர். பெரும்பாலான பாடல்களை எழுதியது வில்லியம்ஸும் கிட்டாரிஸ்ட் ஜோஷ் ஃபாரோவும். ‘லெட் தி ஃப்ளேம்ஸ் பிகின்’ போன்ற கனமான பாடல் முதல் ஆல்பத்தின் இருட்டிலிருந்து நேராக வந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘பார்ன் ஃபார் திஸ்’ஸில் ரெஃப்யூஸ்ட் என்ற ஸ்வீடன் ஹார்ட்கோர் குழுவின் வரியை எடுத்து, வானொலி அலைகள் எங்களுக்கே திரும்ப வேண்டும் என்று கூட்டமாகக் கத்துகிறார்கள். தங்கள் இசையின் வேரை மறந்தவர்கள் ஆல்பத்தை அப்படி முடிக்க மாட்டார்கள். மாறியது ஒழுங்கு. இயல்பு பறிபோகவில்லை என்பதே என் தீர்ப்பு.

அந்த ஒழுங்கு தொடங்குவது ஒத்திகை அறையில். கூடத்துக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு பாடலையும் பாடகரை வைத்து மூன்று சுருதிகளில் பாடிப் பாருங்கள்: இப்போதுள்ளது, அரைப் படி மேல், ஒரு படி மேல். கோரஸின் உச்ச ஸ்வரம் அவரால் எட்ட முடிந்த எல்லைக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். எல்லையிலேயே நின்றால் பத்தாவது டேக்கில் தொண்டை போய்விடும். இரண்டு மூன்று படி கீழே நின்றால் பாடுபவருக்குச் சுகம், கேட்பவருக்கு எந்த அவசரமும் தெரியாது. ‘மிஸரி பிஸினஸ்’ஸின் கோரஸில் வரும் தவிப்பில் பாதி, குரல் எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. பெரும்பாலான புதிய குழுக்கள் கிட்டார் விரல்களுக்கு வசதியான சுருதியில் பாடலை எழுதி, அதிலேயே பதிவு செய்துவிடுகின்றன. உங்கள் ஐந்து பாடல்களிலும் கோரஸ் தட்டையாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து வேகம். க்ளிக் (தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒலி) ஓட்டி, நீங்கள் வாசிக்கும் வேகத்திலும், நிமிடத்துக்கு 4 பீட் கூட்டியும் குறைத்தும் மூன்று முறை செல்போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். மேடையில் சரியாகத் தோன்றும் வேகம் ஸ்பீக்கரில் அவசரமாகவே கேட்கும், ஏனெனில் மேடையில் வரிகளைத் தெளிவாகக் கேட்கும் தேவை இல்லை. கோரஸில் மட்டும் க்ளிக்கை 1 அல்லது 2 பீட் கூட்டி வைப்பதும் உண்டு. யாருக்கும் அது தனியாகத் தெரியாது, ஆனால் கோரஸ் வந்ததும் பாடல் முன்னால் சாயும். வடிவத்தில் மூன்று கத்தரிப்புகள் எப்போதும் பலன் தரும்: முன்னிசையைப் பாதியாக்குவது, முதல் கோரஸை 50 வினாடிக்குள் கொண்டுவருவது, இரண்டாவது வெர்ஸைச் (கோரஸுக்கு முன் வரும் சரணத்தை) சுருக்குவது.

இப்போது டிரம்ஸ். ‘மிஸரி பிஸினஸ்’ நிமிடத்துக்குச் சுமார் 173 பீட் வேகம். அந்த வேகத்தில் ஒரு பீட் 347 மில்லிவினாடி, அதன் கால் பகுதி (நான்கு பீட் சுற்றில் பதினாறாம் பங்கு) 87 மில்லிவினாடி. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 20 மில்லிவினாடி தள்ளி விழுந்தால் அது அந்தச் சிறிய இடைவெளியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. மெதுவான பாடலில் ‘சாய்ந்து வாசிக்கிறார்’ என்று ரசிக்கப்படும் அதே 20 மில்லிவினாடி இங்கே குழப்பமாகவே கேட்கும். இதனால்தான் இந்த வகை இசையில் டிரம்ஸைத் திருத்துகிறார்கள். முதலில் தோலை மாற்றுங்கள், மேலும் கீழும் இரண்டையும். ஸ்னேரின் (கையால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்மின்) மேல்தோலை இரண்டு மூன்று பாடலுக்கு ஒருமுறை மாற்றுவது வீண்செலவல்ல. பலமாக அடிக்கும் கையில் அது ஒரு மணி நேரத்திலேயே சுருதி இறங்கிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் சரிபார்க்காவிட்டால் வெட்டி ஒட்டும்போது வெர்ஸின் ஸ்னேரும் கோரஸின் ஸ்னேரும் இரு வேறு டிரம்களாக இருக்கும்.

திருத்தும்போது எல்லா டிரம் மைக்குகளையும் ஒரே குழுவாகக் கட்டி ஒன்றாக வெட்ட வேண்டும். கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் நகர்த்தி, மேலே தொங்கும் மைக்குகளை அப்படியே விட்டால், ஒவ்வொரு அடியும் இருமுறை கேட்கும், அல்லது இரண்டும் ஒன்றையொன்று தின்று ஸ்னேர் சொத்தையாகிவிடும். வீட்டுப் பதிவுகளின் டிரம்ஸில் நான் காணும் மிகப் பொதுவான கோளாறு இதுவே. வெட்டிய இடங்களில் 5 முதல் 10 மில்லிவினாடி க்ராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க அடுத்தது எழும் இணைப்பு) போடுங்கள். அசல் அடியின் கீழே மாதிரி ஒலி (சாம்பிள்) சேர்ப்பதானால் அதே டிரம்மில் தனியாகப் பதிவு செய்த நான்கைந்து அடிகளை மாறி மாறி வையுங்கள். ஒரே மாதிரி ஒலியைத் திரும்பத் திரும்ப வைத்தால் வேகமான உருட்டலில் இயந்திரத் துப்பாக்கிபோல் கேட்கும். மென்மையான அடிகளுக்கு மாதிரி ஒலியே வேண்டாம். ஸாக் ஃபாரோவின் வாசிப்பு இத்தனை மெருகுக்குப் பிறகும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், பலத்த அடிக்கும் மெல்லிய அடிக்கும் உள்ள வித்தியாசம் ஆல்பத்தில் விடப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பலத்துக்கு நிமிர்த்தியிருந்தால் அவர் யாரென்றே தெரிந்திருக்காது.

கிட்டார்தான் இந்த வகையின் உடல், இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. சுவர்போல் நிற்கும் அந்த ஒலிக்கு ஒரே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை முழுக்க இடப்பக்கத்திலும் மற்றதை முழுக்க வலப்பக்கத்திலும் வைக்க வேண்டும். ஒரு டேக்கை நகலெடுத்துச் சில மில்லிவினாடி தள்ளி வைப்பது இதற்கு மாற்றாகாது. மோனோவில், அதாவது பெரும்பாலான சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர்களில், அந்த இரண்டும் மோதிச் சில அலைவரிசைகள் காணாமல் போகும். நான்கு அடுக்கு வேண்டுமானால் இரண்டாவது ஜோடியை வேறு கிட்டாரிலோ வேறு ஆம்ப்ளிஃபையரிலோ வாசித்து, முதல் ஜோடிக்கு 4 முதல் 6 டெசிபல் கீழே வையுங்கள். டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) மேடையில் வைப்பதில் பாதிக்குச் சற்று மேல் போதும். அடுக்க அடுக்க அது கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு அடுக்கும் தனியாகக் கேட்டால் ‘கொஞ்சம் மெலிவாக இருக்கிறதே’ என்று தோன்ற வேண்டும், அப்போதுதான் நான்கும் சேர்ந்ததும் பல ஸ்வரங்கள் சேர்ந்த கார்டின் ஒவ்வொரு ஸ்வரமும் புரியும். முழு டிஸ்டார்ஷனில் நான்கு அடுக்கு வைத்தால் மழைச் சத்தம்தான் மிஞ்சும்.

சுருதி விஷயத்தில் இரக்கமே கூடாது. ஓரிரு பாடலுக்கு ஒருமுறை புதுக் கம்பி, ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனர். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: தடித்த கம்பியைப் பலமாக மீட்டினால் முதல் கணத்தில் அதன் சுருதி ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். மெதுவாக மீட்டிச் சுருதி சேர்த்துவிட்டு பலமாக வாசித்தால் பாடல் முழுக்க அடிக்கம்பி கூர்மையாகவே இருக்கும். ஆகவே வாசிக்கப்போகும் அதே பலத்தில் மீட்டி, ட்யூனர் முள் முதலில் போய் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அடிக்கம்பியை ஒரு படி கீழிறக்கி வாசிக்கும் பாடல்களுக்கு 52 அல்லது 54 அளவுள்ள தடித்த கம்பி போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். மைக்குக்கு ஷூர் எஸ்எம்57 ஒன்று போதும். ஸ்பீக்கரின் நடுக் குமிழ் முடியும் விளிம்பை நோக்கி, வலையிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை கூடும், ஓரத்துக்குப் போனால் மங்கும். ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் மைக்கை ஒரு விரல் அகலம் நகர்த்திப் பாருங்கள்.

பாஸ் கிட்டாரை எல்லோரும் கடைசியில் அவசரமாகப் பதிவு செய்கிறார்கள். ஆனால் ‘கிட்டார் எவ்வளவு தடிமன்!’ என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி பாஸ்தான். நேரடி வயர் வழியாக ஒரு சுத்தமான ட்ராக்கும், டிஸ்டார்ஷனோடு இன்னொன்றும் எடுங்கள். சுத்தமானதில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் வைத்துக் கம்ப்ரெஸரால் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவியால்) ஒரே உயரத்தில் நிறுத்துங்கள். மற்றதில் அதற்கு மேலுள்ள உறுமலை வையுங்கள், செல்போன் ஸ்பீக்கரில் பாஸாகக் கேட்கப்போவது அதுதான். விரலைவிடப் பிக்கால் வாசிப்பது இந்த வேகத்துக்குத் தெளிவு தரும். கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாஸுக்கும் கிக்குக்கும் இடம் கிடைக்கும்.

குரலுக்கு வருவோம். ‘ரயட்!’டைப் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது அதுதான். இந்த வகை ஆல்பத்தில் ஒரு பாடலை முழுதாக ஐந்து முதல் எட்டு முறை பாடவைத்து, ஒவ்வொரு வரிக்கும் சிறந்ததை எடுத்துக் கோப்பார்கள். தேர்வு செய்யும்போது சுருதியைவிட உணர்ச்சிக்கு முதலிடம் கொடுங்கள். சற்றே இறங்கிய ஸ்வரத்தைப் பிறகு கையால் ஏற்றிவிடலாம், சோர்ந்து பாடிய வரிக்கு எந்த மருந்தும் கிடையாது. திருத்தும்போது ஸ்வரத்தின் நடுப்பகுதியை மட்டும் தொடுங்கள். கீழிருந்து எம்பி ஸ்வரத்தைப் பிடிக்கும் அந்தத் தொடக்க வழுக்கலைச் சமன்செய்துவிட்டால் பாடகர் மறைந்து கருவி கேட்கத் தொடங்கும். வில்லியம்ஸின் பாணியே அந்த எம்பலில் இருக்கிறது.

கோரஸில் முதன்மைக் குரலின் கீழே அதே வரியை மீண்டும் பாடிய ஒன்று, 6 முதல் 10 டெசிபல் குறைவாக. அதற்கு மேல் மூன்றாம் ஸ்வர இடைவெளியில் இணைக்குரல், இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியே பாடியது. இவை ஒட்டாமல் போவதற்குச் சுருதியைவிடப் பெரிய காரணம் மெய்யெழுத்துகள். நான்கு குரல்களில் ‘ஸ்’ ஒலியும் ‘ட்’ ஒலியும் நான்கு நேரத்தில் விழுந்தால் துப்புவதுபோல் கேட்கும். முதன்மைக் குரலில் மட்டும் அவற்றை விட்டு, மற்றவற்றில் வரி முடிவிலுள்ள அந்த ஒலிகளை வெட்டிவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு கோரஸுக்கு ஒரு மணி நேரம் போகும். விலையுயர்ந்த மைக் வாங்குவதைவிட இந்த ஒரு மணி நேரம் அதிகம் மாற்றும். கம்ப்ரெஸரை ஒரே இடத்தில் 10 டெசிபல் அழுத்த வைக்காமல், வேகமான ஒன்றில் 4 அல்லது 5, மெதுவான இன்னொன்றில் 3 என்று பிரியுங்கள். பிறகும் அமிழ்ந்துபோகும் சொற்களைக் கையால் ஏற்றுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்து, எல்லாவற்றையும் முதல் வினாடியிலிருந்து கடைசிவரை ஒலிக்க விட்டால் பாடல் மீண்டும் தட்டையாகிவிடும். பெரிய கோரஸுக்குச் சிறிய வெர்ஸ் வேண்டும். ‘க்ரஷ்க்ரஷ்க்ரஷ்’ஷைக் கேளுங்கள்: உள்ளங்கையால் கம்பியை அடக்கி மீட்டும் கிட்டார், அருகில் வந்து கிசுகிசுக்கும் குரல், நிறைய வெற்றிடம். அதனால்தான் கோரஸ் வரும்போது அறை விரிகிறது. வெர்ஸில் ஒரு கிட்டாரை நிறுத்துங்கள், குரல் இரட்டிப்பை எடுத்துவிடுங்கள், டிரம் அறையின் எதிரொலி மைக்கை 3 டெசிபல் குறையுங்கள். கோரஸில் புதிதாக எதுவும் சேர்க்காமலே அது பெரிதாகும். கடைசிக் கோரஸுக்கென்று ஒரு இணைக்குரலையோ உச்சத்தில் வாசிக்கும் ஒரு கிட்டார் கோட்டையோ பதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒலியின் உரப்பு. 2007-இன் ராக் குறுந்தகடுகள் ஒன்றையொன்று மிஞ்சும் உரப்பில் மாஸ்டர் (வெளியிடுமுன் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யப்பட்டவை, ‘ரயட்!’டும் அந்தக் காலத்தின் குழந்தைதான். ஆல்பத்தில் நான் உண்மையில் குறை சொல்லும் இடம் இது ஒன்றே. தொடர்ந்து கேட்டால் காது களைக்கிறது, ‘வென் இட் ரெய்ன்ஸ்’ போன்ற அமைதியான பாடலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூச்சுவெளி குறைகிறது. அந்த உரப்பை நீங்கள் துரத்த வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை இயல்பு அமைப்பில் எல்லாப் பாடலையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. மைனஸ் 6-இல் நசுக்கி அனுப்பினால் அது 8 டெசிபல் குறைத்துவிடும், நசுங்கிய ஸ்னேர் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். மைனஸ் 9-ஐ ஒட்டி நிறுத்தி, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் பிடியுங்கள். லிமிட்டர் (உச்ச ஒலியை எல்லை தாண்டாமல் பிடிக்கும் கருவி) 4 டெசிபலுக்கு மேல் இறக்குவதைக் கண்டால் மாஸ்டரிங்கை விட்டு மிக்ஸுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் கிக்கின் அடிப்பகுதி அளவுக்கு மீறியிருக்கும், அல்லது ஸ்னேரின் மாதிரி ஒலி அசலைவிட மேலே போயிருக்கும். இருக்கும் ஐந்து பாடல்களில் கோரஸ் வலுவாக உள்ள ஒன்றை மட்டும் எடுத்து, சுருதியைப் பாடகருக்கேற்ப மாற்றி, கிட்டாரைக் குறைந்த டிஸ்டார்ஷனில் இருமுறை வாசித்து மறுபடி பதிவு செய்யுங்கள். மற்ற நான்கையும் அது முடியும்வரை திறக்க வேண்டாம்.